வள்ளி யாரோடு போனாள்?: கும்மியும் பொதுப்புத்தியும்

சென்ற தை மாதம் பெருந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அக்கா மகளின் வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்குப் போயிருந்தேன். மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் மாரியம்மன் கோயில் திடலில் பயிற்சி. அன்றைக்கு இருநூறு பேருக்குக் குறையாமல் ஒரே நிறச் சேலையில் வரிசை வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை. ஆசிரியர் மைக்கில் பாட, அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் தட்டும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்வானேன்.

வள்ளி தினைப்புனம் காக்கப் போகிறாள். முருகன் வேடனாக வருகிறான். இந்த இடத்தில் ஒரு இடைவேளை. பொன்னாடை போர்த்தப்பட்ட பிரமுகர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். நம் பண்பாடு, நம் மண், நம் இனம் என்று ஆரம்பித்து, கடைசியில் ஆடுகிற பெண்களைப் பார்த்துச் சொன்னார்: பெத்தவங்க பார்க்கிற நம்ம இனத்துப் பையனைத்தான் கட்டிக்குவேன்னு எல்லாரும் கையைத் தூக்குங்க. தூக்கினார்கள். சலங்கை கட்டிய இருநூறு பேர். என் அக்கா மகளும் தூக்கினாள். கைதட்டல். மறுபடி பாட்டு. முருகன் கிழவனாக வேஷம் போட்டுக்கொண்டு வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்டான்.

இது அந்த ஊரில் மட்டும் நடந்ததல்ல. இதே மாதிரி வள்ளி கும்மி மேடையில் பெண்களிடம் சத்தியம் வாங்குகிற காணொளி ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசி கைப்பேசியாகப் போனதையும் அதையொட்டி எழுந்த சண்டையையும் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அன்று திடலில் உட்கார்ந்திருந்தபோது என்னைத் தைத்தது வேறொன்று. எந்தக் கதையை ஆடிக்கொண்டிருக்கிறார்களோ அந்தக் கதைக்கு நேர் எதிரான சத்தியத்தை அந்தக் கதையின் நடுவிலேயே வாங்க முடிகிறது. ஆடுபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் அதில் இடறல் எதுவும் இல்லை. எப்படி முடிகிறது இது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

1

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் தோழர்கள் பலர் வள்ளி கும்மி என்றாலே 'சாதிக் கும்மி' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சோம்பேறித்தனமான வாசிப்பு. இந்தக் கலை வெகுகாலம் ஆண்கள் கையில் இருந்தது. அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களைத் திடலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்து பத்திரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. தோட்டம், மாட்டுக் கொட்டகை, அடுப்படி என்று கிடந்த ஒரு பெண், ஊர் நடுவில், ராத்திரி பத்து மணிக்கு, மற்ற பெண்களோடு சேர்ந்து, உடம்பை வீசி ஆடுகிறாள். 'சாயங்காலமானா காலு தானா திடலுக்குப் போகுதுடா' என்று என் அக்கா சொன்னாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயசு. இந்தச் சந்தோஷத்தை எந்தக் கோட்பாட்டைக் கொண்டும் நான் கொச்சைப்படுத்தத் தயாரில்லை.

பிரச்சினை அந்தச் சந்தோஷத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பழமைவாத அரசியல் மக்களைத் தேடி எப்போதும் கொள்கை அறிக்கையோடு வருவதில்லை. மக்கள் ஏற்கெனவே சந்தோஷமாக இருக்கிற இடத்துக்கு வந்து, ஒரு பொன்னாடையை வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிஷம் மைக்கைக் கேட்கிறது. அந்த ஐந்து நிமிஷம் போதும்.

2

வள்ளி கதையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிப்போம். நற்றிணை 82ஆம் பாட்டிலேயே, முருகனோடு கூடி நடந்துபோகிற பெண்ணாக வள்ளி ஓர் உவமையில் வந்துவிடுகிறாள். விரிவான கதை கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில், கடைசிப் பகுதியாக இருக்கிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை. வேடர் தலைவன் நம்பி வளர்க்கிறான். பருவம் வந்த பெண் தினைப்புனம் காக்கிறாள். முருகன் வேடனாக வேஷம் போட்டு வருகிறான். அப்பன் வந்துவிட்டால் வேங்கை மரமாகிவிடுகிறான். பிறகு தொண்டுக் கிழவனாக வருகிறான். காரியம் நடக்காதபோது அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்துகிறான். பயந்த பெண் கட்டிக்கொள்கிறாள். பிறகு ஒரு ராத்திரி வீட்டுக்குத் தெரியாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான்.

வேஷம் போட்டு வருகிறான், ஏமாற்றுகிறான், கூட்டாளியை வைத்துச் சதி செய்கிறான், பெற்றோருக்குத் தெரியாமல் பெண்ணைக் கூட்டிப்போகிறான். கொங்கிலும் வட மாவட்டங்களிலும் கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் புழங்குகிற 'நாடகக் காதல்' என்ற சொல்லுக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் தமிழில் வேறு கிடையாது. அந்தக் குற்றச்சாட்டின் ஒவ்வொரு உறுப்பும் இங்கே இருக்கிறது. ஆனால் இவன் சாமி. இந்த நாடகத்துக்குக் கும்மி கொட்டுகிறோம்.

கந்தபுராணமும் இந்தச் சங்கடத்தை உணர்ந்திருக்கிறது. அதனால்தான் ஒரு முற்பிறப்பைக் கொண்டுவருகிறது. வள்ளி உண்மையில் வேடுவச்சி அல்ல. திருமாலின் மகள் சுந்தரவல்லி, முருகனை அடையத் தவமிருந்து இப்படிப் பிறந்தவள். திருமால் முருகனுக்கு மாமன். ஆக வள்ளி மாமன் மகள், முறைப்பெண்! காட்டில் நடந்த களவு, கணக்குப் போட்டுப் பார்த்தால் சொந்தத்துக்குள் நடந்த கலியாணம்தான். மீறலின் ருசியும் வேண்டும், மீறல் நடந்திருக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே இலையில் பரிமாறுகிற சாமர்த்தியத்தைச் சினிமாக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

சினிமா அதை வெகுசனப் பழக்கமாக்கியது. எத்தனை படங்களில் ஏழைக் கதாநாயகன் பணக்காரப் பெண்ணைக் காதலிக்கிறான். கடைசி ரீலில் அவன் காணாமல் போன ஜமீன் வாரிசாகவோ அத்தை மகனாகவோ மாறிவிடுகிறான்! 'சின்ன கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) என்று நான் பிறந்ததையொட்டி வந்த படங்கள், மரத்தடியில் உட்கார்ந்த ஒரு நல்ல மனுஷனை ஊரின் மனச்சாட்சியாக்கின. 'நாட்டாமை'யில் ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது குற்றமாகத் தெரிவதில்லை. தம்பியையே ஒதுக்கிவைக்கிற அண்ணனின் பெருந்தன்மையாகத் தெரிகிறது. நாம், அதாவது சிறுபத்திரிகைக்காரர்கள், அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தோம். 'மசாலா' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தோம். தொலைக்காட்சியில் நூறு தடவை அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றைக்கு மைக்கைப் பிடிக்கிறார்கள்.

3

சாமியும் கதாநாயகனும் போட்டால் ரசிக்கிற வேஷத்தை ஒரு தலித் இளைஞன் போட்டால் என்ன ஆகும்?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. தூண்டுதலாகச் சொல்லப்பட்டது ஒரு தலித் இளைஞரும் ஒரு வன்னியப் பெண்ணும் செய்துகொண்ட காதல் கலியாணம், அதைத் தொடர்ந்து நடந்த பெண்ணின் தந்தையின் தற்கொலை. அதன் பிறகு பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் ஊர் ஊராகத் தலித் அல்லாத சாதிகளின் தலைவர்களைக் கூட்டினார். தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று அப்போது பேசப்பட்டதை நாம் கேலி செய்தோம். கேலிக்கு முன் வாசித்திருக்க வேண்டும். கூலிங் கிளாஸ் எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து கதாநாயகனின் சின்னம். அது எல்லா ரசிகர்களுக்கும் சொந்தம் என்றுதான் சினிமா சொல்லிவந்தது. யாரெல்லாம் ரசிகராக மட்டும் இருக்கலாம், யாரெல்லாம் கதாநாயகனாகவும் ஆகலாம் என்ற கோடு அன்றைக்கு வெளிப்படையாகப் போடப்பட்டது. அந்த இளைஞர் 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

இனி திருச்செங்கோடு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2014 டிசம்பரில், நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் விநியோகிக்கப்பட்டன. புத்தகம் எரிந்தது. கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அரசு அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்ற பெயரில் ஒரு எழுத்தாளரிடம் எழுதி வாங்கினார்கள். மரத்தடிக்குப் பதில் அலுவலகம். மற்றபடி அதே நாட்டாமைக் காட்சி. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று சொன்னது.

அதே எழுத்தாளரின் 'பூக்குழி' 2013இல் வந்தது. தருமபுரியில் இறந்த அந்த இளைஞருக்கு அர்ப்பணிக்கப்பட்ட நாவல். வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவனின் ஊர் அவளை என்ன செய்கிறது என்பதுதான் கதை. அதன் பக்கங்களை நகலெடுத்து யாரும் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கொடுக்கவில்லை. சாதி கொல்லும் என்று எழுதினால் ஊர் பொறுத்துக்கொள்கிறது. குழந்தையில்லாத ஒரு பெண், திருவிழா இரவில், முகம் தெரியாத ஒருவனைச் சாமியாக ஏற்கலாம் என்று எழுதினால் பொறுப்பதில்லை. ஏனென்றால் அந்தச் சாமி எந்தச் சாதி என்று தெரியாது. வள்ளியின் கிழவன் யார் என்று நமக்கு முன்பே தெரியும். பொன்னாவின் சாமி யார் என்று கடைசிவரை தெரியாது. இதுதான் வித்தியாசம்.

போராட்டம் நடந்து ஆறு மாதத்துக்குள், 2015 ஜூன் 23 அன்று, அதே மலைக்கோயிலுக்கு ஓமலூரைச் சேர்ந்த ஒரு தலித் பொறியியல் பட்டதாரி தன் கல்லூரித் தோழியோடு வந்தார். தோழி கவுண்டர் சாதிப் பெண். கோயிலில் இருந்து அவரைக் கூட்டிப்போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல். சாவதற்கு முன் அவரைப் பேச வைத்துக் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்திருந்தார்கள். வாழப் பிடிக்கவில்லை, தற்கொலை செய்துகொள்கிறேன் என்று. யோசித்துப் பாருங்கள். காதலை நாடகம் என்றவர்கள் எழுதி, நடிக்க வைத்து, படம் பிடித்த நாடகம் அது. அதன் கதை அவர்கள் சொந்தமாக யோசித்ததும் அல்ல. தமிழ்ச் சினிமாவின் 'காதல் தோல்வி'யிலிருந்து அப்படியே எடுத்தது.

முதல் குற்றவாளியான சாதி அமைப்புத் தலைவர் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். அக்டோபரில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஆதரவாளர் கூட்டத்தின் நடுவே சரணடைந்தார். 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் எங்கள் ஊர் டீக்கடைகளில் அவர் குரல் ஒலித்தது. ஒரு கொலை வழக்குக் குற்றவாளியின் பேச்சை, அடுத்த வாரம் வரப்போகிற படத்தின் வசனம் மாதிரிச் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். அங்கே உட்கார்ந்து நானும் டீ குடித்திருக்கிறேன்.

4

அரங்கேற்றத்தன்று பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் மரியாதையான மனுஷர். நான் முகம் சுளித்ததைப் பார்த்திருப்பார் போல. 'தப்பா எடுத்துக்காதீங் தம்பி. நாங்க சாதி பாக்கறவங்க இல்லீங். எங்க சாளைக்கு எல்லாருந்தான் வர்றாங்க, போறாங்க. ஆனா பொண்ணு விசயம்னா கொஞ்சம் பாத்துக்கோணுமில்லீங்களா?' என்றார்.

கிராம்சி 'பொதுப்புத்தி' என்றதை இந்த 'ஆனா'வை வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். பல காலத்துக் கருத்துகள் வண்டலாகப் படிந்து, ஒன்றுக்கொன்று முரணானவை ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. 'ஆனா'வுக்கு முன்னால் இருப்பது பெரியார் கொடுத்தது, பள்ளிக்கூடம் கொடுத்தது. அதில் அவர் பொய் சொல்லவில்லை. பின்னால் இருப்பது நிலமும் ரத்தமும். சாதி அமைப்புகளுக்கு முன்பாதியை மறுக்கவேண்டிய அவசியமே கிடையாது. பின்பாதிக்கு ஒரு கொடியும் ஒரு மேடையும் கொடுத்தால் போதும்.

'பாத்துக்கோணும்' என்ற வார்த்தையின் அரசியலையும் கவனிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் நடிகர் ரஞ்சித் இயக்கி நடித்த 'கவுண்டம்பாளையம்' வெளிவந்தது. அப்போது செய்தியாளர்களிடம் பேசிய அவர், ஆணவக்கொலையைப் பெற்றோரின் அக்கறையாகப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார். பைக் திருடு போனால் கோபம் வராதா என்ற ரீதியில் ஓர் உவமையும் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் அவர் சொன்னது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. என் பக்கத்து நாற்காலிப் பெரியவர் மென்மையாகச் சொன்னதை அவர் சத்தமாகச் சொன்னார். மகளும் பைக்கும் ஒரே பட்டியலில் வருவதுதான் விஷயம். இரண்டும் சொத்து.

சொத்து என்பதை உருவகமாகச் சொல்லவில்லை. 1989இல் தமிழ்நாடு அரசு பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கு கொடுத்துச் சட்டம் திருத்தியது. பெண் போகிற இடத்துக்கு இனி நிலமும் போகலாம். அதே காலத்தில் மேற்கு மாவட்டங்களில் பெண் குழந்தை பிறப்பதே குறைந்துகொண்டிருந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். இது எந்த ஒரு சாதியின் கணக்கும் அல்ல, மாவட்டத்தின் கணக்கு. அந்த ஆண் குழந்தைகள் வளர்ந்து பெண் கிடைக்காமல் நின்றார்கள். தரகர்கள் மூலம் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் கட்டி வந்தவர்களை எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும். அங்கே சாதியைப் பற்றி யாரும் அதிகம் துருவுவதில்லை. வெளியிலிருந்து மருமகள் வரலாம், வெளியே மகள் போகக்கூடாது. ரத்தத் தூய்மை என்று மேடையில் பேசினாலும் கணக்கு வேறு என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? பிறக்க விடாத பெண்களுக்குப் பதிலாக, பிறந்து படித்து வேலைக்குப் போகிற பெண்களிடம் கையைத் தூக்கச் சொல்கிறார்கள்.

5

இதையெல்லாம் 'இந்துத்துவம்' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட நம்மில் பலருக்கு ஆசை. 'மாதொருபாகன்' விவகாரத்தில் இந்து அமைப்புகள் இருந்தன, உண்மை. ஆனால் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 2019, 2024 நாடாளுமன்றத் தேர்தல்களிலும் 2021 சட்டமன்றத் தேர்தலிலும் நின்றது உதயசூரியன் சின்னத்தில். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த கட்சியின் சின்னம் அது. எதிர்த்தரப்புக் கூட்டணிகளிலும் சாதிக் கட்சிகளுக்குப் பாய் விரித்தே இருந்தது. யாருக்கும் அந்தப் பின்பாதியைத் தொட விருப்பமில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் மென்பொருள் பொறியாளர் கொல்லப்பட்ட பிறகுதான், அந்த அக்டோபரில், ஆணவக்கொலைக்கெதிரான சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. தனிச்சட்டம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கத்தியை எடுத்தவனை அந்தச் சட்டம் பிடிக்கும். கையைத் தூக்கச் சொன்ன மேடைக்கு அது எட்டாது. அந்த இடத்தில் வேலை செய்யவேண்டியவர்கள் நாம்தான்.

நாம் என்ன செய்தோம்? என் கதையைச் சொல்கிறேன். நான் பிறந்ததும் அதே சாதியில்தான். எம்.ஏ. வகுப்பில் உடன்போக்குப் பாடல்களை உருகி உருகிப் படித்தேன். தலைவி போன பாலையைப் பற்றிப் பதினைந்து பக்கம் கட்டுரை எழுதினேன். அந்த வகுப்பில் இருந்த ஒருத்தி நிஜமாகவே அப்படிப் போனபோது, 'அவசரப்பட்டுட்டா' என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அன்று அரங்கேற்றத்திலும் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'நாட்டாமை'யில் பெண் பார்க்கிற காட்சியில் ஒரு மனுஷன் எதுவும் பேசாமல் மிக்சர் தின்றுகொண்டிருப்பாரே, அவர் வேறு யாருமில்லை. விமர்சகன்தான்.

அதனால் புறக்கணிப்போம் என்று சொல்லும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திடலை விட்டுக்கொடுத்ததால்தான் பொன்னாடைக்காரர் வந்தார். வள்ளியின் கதை நம்முடையதும்தான். கந்தபுராணத்தின் கடைசிப் பகுதியை மறுபடி படியுங்கள். மகளைக் காணோம் என்றதும் நம்பி ஆயுதம் எடுத்து, ஆட்களைத் திரட்டிக்கொண்டு துரத்துகிறான். இன்றைய அப்பன்மாரின் வேலையை அவனும் செய்தான். புராணம் அதை அக்கறை என்று சொல்லி அவனை ஜெயிக்க வைக்கவில்லை. துரத்தியவர்கள் விழுந்து மாய்கிறார்கள். பிறகு அவர்களை உயிர்ப்பித்து எழுப்புகிறவள் வள்ளி. அதற்குப் பிறகுதான் ஊர் கூடிக் கலியாணம். இந்தப் பகுதியை ஏன் எந்த மேடையிலும் யாரும் விளக்குவதில்லை? நாம் விளக்கலாமே. கும்மிப் பாட்டு கட்டத் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லையா?

ராத்திரி வீட்டுக்கு வந்து சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா மகளிடம், 'எதுக்குப் பாப்பா கையைத் தூக்குன?' என்றேன். 'எல்லாரும் தூக்குனாங்க மாமா' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: 'ஏன் மாமா, வள்ளி அவங்கப்பாகிட்டக் கேட்டுட்டா போனா?'

நான் பதில் சொல்வதற்குள் கட்டிலில் படுத்திருந்த எங்கம்மா சொன்னாள்: 'கேட்டிருந்தா உட்டிருப்பானா? பேசாம வந்து சோத்தைத் தின்னு.'